பெரிய வால்ஐ மீனைப் பிடிப்பதும் உயிரோடு விடுவதும்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கோடை வந்தால் தூண்டிலோடு ஏரிக்கரைக்குக் கிளம்பும் நம்மவர்கள் இப்போது நிறைய. முதலில் மாட்டுவது பெரும்பாலும் சன்ஃபிஷ், பெர்ச் மாதிரி சின்ன மீன்கள்தான். கொஞ்ச நாளில் பக்கத்தில் நிற்பவர் வால்ஐ (walleye) என்ற மீனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கனடாக்காரராக இருந்தால் அதே மீனைப் பிக்கரல் என்பார். குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். அப்புறம் கைபேசியை எடுத்து ஒரு படம் காட்டுவார். கனத்த குளிர் உடுப்பில் அவர், இரண்டு கைகளிலும் ஏந்திய ஒரு பொன்னிற மீன். "திருப்பி விட்டுட்டேன்" என்பார். இவ்வளவு பெரிய மீனை யாராவது விடுவார்களா என்றுதான் புதிதாகக் கேட்பவருக்குத் தோன்றும். விடுவார்கள். ஏன் விடுகிறார்கள், விட்ட மீன் பிழைக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் அப்படி ஒரு மீன் எங்கே எப்படிக் கிடைக்கும் என்பதையும் பார்த்துவிடலாம்.

வால்ஐ, பெர்ச் குடும்பத்து மீன். முதுகு பாசிப்பச்சை, விலா பொன்னிறம், வயிறு வெள்ளை. வாலின் கீழ் நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். இதே சாயலில் சாகர் என்று இன்னொரு சிறிய மீன் உண்டு. அதற்கு அந்தத் திட்டு கிடையாது. வால்ஐயின் முன்முதுகுத் துடுப்பு முழுக்க முள், வாயில் கூரான கோரைப்பற்கள், செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். ஆனால் இந்த மீனின் விசேஷம் கண்தான். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் நெற்றி விளக்கை அடித்தால், சாலையோரம் நிற்கும் மாட்டின் கண் காரின் வெளிச்சத்தில் மின்னுமே, அப்படி மின்னும். மங்கலான வெளிச்சத்தில் தன் இரையைவிட இதற்கு நன்றாகக் கண் தெரியும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால், வால்ஐ எப்போது கடிக்கும் என்பதில் பாதி புரிந்துவிடும்.

அந்தப் பக்கத்து மக்களுக்கு இந்த மீன் மேல் அப்படி ஒரு பாசம். மின்னசோட்டா 1965-ல் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. ஈரி ஏரிக்கரையில் இருக்கும் ஓஹையோவின் போர்ட் கிளின்டன் ஊரில், நியூயார்க்கில் பந்து இறக்குவது போல, புத்தாண்டு நள்ளிரவில் கண்ணாடியிழையில் செய்த ராட்சத வால்ஐ ஒன்றைக் கயிற்றில் இறக்குகிறார்கள்.

எவ்வளவு இருந்தால் பெரிய மீன்?

பொதுவாக 28 அங்குலம், அதாவது 71 செ.மீ. நீளம் இருந்தால் ட்ரோஃபி மீன் என்று ஒத்துக்கொள்வார்கள். பெரிய மீன் பிடித்தவர்களைப் பதிவு செய்யும் மனிடோபா மாகாணத்தின் மாஸ்டர் ஆங்லர் திட்டத்திலும் வால்ஐக்கு அதே 71 செ.மீ.தான். 30 அங்குலம் என்றால் கதையே வேறு. வருடக்கணக்காகத் தூண்டில் போடுகிற பலருக்கு அது கிடைத்ததே இல்லை. எடை தெரிய ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. அங்குலத்தில் எடுத்த நீளத்தை அதே எண்ணால் இருமுறை பெருக்கி (நீளம் × நீளம் × நீளம்) 2700-ஆல் வகுத்தால் தோராயமான எடை பவுண்டில் வரும். 28 அங்குலத்துக்கு 8 பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 30 அங்குலத்துக்குச் சரியாக 10 பவுண்டு, நாலரைக் கிலோ. சினை பிடித்த மீன் இதைவிடக் கனக்கும், முட்டையிட்டு முடித்தது குறைவாக இருக்கும். வெறும் இரண்டு அங்குல வித்தியாசத்துக்கு இரண்டு பவுண்டு கூடுவதைக் கவனியுங்கள்.

உலகச் சாதனை எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 1960-ல் டென்னசியின் ஓல்டு ஹிக்கரி ஏரியில் மேப்ரி ஹார்ப்பர் பிடித்த 25 பவுண்டு மீனைச் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் இன்றும் சாதனையாக வைத்திருக்கிறது. நன்னீர் மீன்பிடிக்கான இன்னொரு அமைப்பு, அந்த அளவுகளில் சந்தேகம் என்று 1996-ல் அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அவர்கள் கணக்கில், ஆர்கன்சாவின் கிரீர்ஸ் ஃபெரி ஏரியில் 1982-ல் பிடிபட்ட 22 பவுண்டு 11 அவுன்ஸ் மீன்தான் பெரியது.

இப்போது முக்கியமான விஷயம். இவ்வளவு பெரிய வால்ஐ என்றால் அது கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான். ஆண் மீன்கள் சீக்கிரம் பருவத்துக்கு வந்து, வளர்ச்சி குறைந்து, சிறியதாகவே நின்றுவிடும். பெண் மீன் தொடர்ந்து வளரும். வடக்கத்திக் குளிர் ஏரிகளில் அது 10 பவுண்டு எட்டப் பத்து வருடத்துக்கு மேல்கூட ஆகும். உங்கள் கையில் இருப்பது அத்தனை குளிர்காலங்களைத் தாண்டி வந்த ஒரு தாய். ஒவ்வொரு வசந்தத்திலும் லட்சக்கணக்கில் முட்டை இடும்.

"ஒரு பெரிய மீனை விட்டால் ஏரியே நிரம்பிவிடும்" என்று சிலர் பேசுவார்கள். அது கொஞ்சம் மிகை. ஒரு வருடத்துக் குஞ்சுகள் எத்தனை பிழைக்கும் என்பதை அந்த வசந்தத்தின் வெப்பம், காற்று, குஞ்சுகளுக்கான தீனி எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஈரி ஏரியில் 2003, 2015, 2018 போன்ற வருடங்களில் பிறந்த மீன்கள் ஏராளம். இடையில் சில வருடங்கள் வெறுமையாகவே போயின. என்னைப் பொறுத்தவரை விடுவதற்கான நேரடியான காரணம் வேறு: இந்த அளவு மீன் ஏரியில் மிகக் குறைவு, போனால் திரும்ப வர ஒரு பத்தாண்டு வேண்டும். இன்னொன்று, சாப்பிடவும் இது நல்ல மீன் இல்லை. வயதான மீனின் சதையில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். ஒண்டாரியோ அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியைப் பார்த்தால், மீனின் நீளம் கூடக்கூட மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்ற எண் குறைந்துகொண்டே போகும். வறுவலுக்கு 15 முதல் 18 அங்குல மீன்தான் சரி. சதை வெள்ளையாக, வாடையில்லாமல் இருக்கும்.

எங்கே, எப்போது தேடுவது

பெரிய பெண் மீன் எங்கே இருக்கும் என்று கேட்பதைவிட, கொழுத்த இரை எங்கே இருக்கிறது என்று கேட்பது நல்லது. ஈரி ஏரியில் எமரால்டு ஷைனர், கிஸார்டு ஷாட். ஒண்டாரியோ ஏரியில் ஏல்வைஃப். மின்னசோட்டாவின் பெரிய ஏரிகளில் சிஸ்கோ. இந்தக் கூட்டங்கள் போகும் இடமெல்லாம் பெரிய வால்ஐயும் பின்னாலேயே போகும். அதனால்தான் சிறிய மீன்கள் நிறையக் கிடைக்கும் கரையோரக் களைச்செடிகளில் பெரியது கிடைக்காமல், நடு ஏரியில் தரையைத் தொடாமல் நடுநீரில் மிதக்கும் ஒரு கூட்டத்துக்குக் கீழே கிடைக்கிறது.

டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல உதாரணம் குவின்டி வளைகுடா. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் ட்ரென்டன், பெல்வில், டெசரான்டோ, பிக்டன் என்று ஊர்கள் வரிசையாக வளைகுடாவைச் சுற்றி இருக்கின்றன. வசந்தத்தில் ட்ரென்ட், மொய்ரா போன்ற ஆறுகளில் ஏறி முட்டையிடும் பெரிய மீன்கள், கோடையில் ஒண்டாரியோ ஏரியின் ஆழமான குளிர்நீருக்குப் போய்விடுகின்றன. இலையுதிர் காலத்தில் இரைக்கூட்டங்களைத் துரத்திக்கொண்டு மறுபடி வளைகுடாவுக்குள் வருகின்றன. அக்டோபர் கடைசியிலிருந்து, தண்ணீர் உறையும் வரை, லாங் ரீச், க்ளெனோரா பக்கம் படகுகள் வரிசைகட்டி நிற்பது இதற்காகத்தான். கை விறைக்கும் குளிர், எலும்பைத் துளைக்கும் காற்று. வருடத்தின் மிகப் பெரிய மீன்கள் கிடைப்பதும் அப்போதுதான்.

ஈரி ஏரியிலும் இதே மாதிரி ஒரு சுற்று உண்டு. வசந்தத்தில் மேற்குப் பகுதியின் பாறைத்திட்டுகளிலும் மாமி ஆற்றிலும் முட்டையிட்டு, கோடையில் கிழக்கே குளிர்ந்த நீரைத் தேடிப் போய், இலையுதிர் காலத்தில் திரும்பும். படகு இல்லாதவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அக்டோபர், நவம்பர் இரவுகளில் க்ளீவ்லாந்து, லொரேன், ஹூரான் ஊர்களின் அலைதடுப்புச் சுவர்களில் நின்று, நீளமான மீன் வடிவப் போலி இரையை வீசி மெதுவாகச் சுற்றி இழுப்பார்கள். இரையைத் தேடிப் பெரிய மீன்கள் இருட்டில் கரைக்கு வெகு அருகில் வந்துவிடும்.

நேரம் என்றால் சூரியன் எழுவதற்கு முன்னும் விழுந்த பின்னும், இரவும், மேகமூட்டமும். பகலில் போகிறீர்கள் என்றால் காற்று அடிக்கும் நாளாகப் பாருங்கள். நீர்மட்டம் கலைந்து சிற்றலை அடித்தால் வெளிச்சம் உள்ளே குறைவாக இறங்கும், வால்ஐக்குத் தைரியம் வரும். கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரும் உச்சி வெயிலும் மனிதர்களுக்குத்தான் அழகு.

எதைக் கொண்டு பிடிப்பது

இதை நீட்டி எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். தொடங்குபவருக்கு இரண்டு வழிகள் போதும். ஒன்று ஜிக். ஈயத்தலை வைத்த ஒற்றை முள்ளில் சின்ன மீனையோ ரப்பர் மீனையோ குத்தி, தரையைத் தொடவிட்டு, ஓர் அடி தூக்கி, மறுபடி இறக்குவது. கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும், அதுவும் ஒரு சின்னத் தட்டு மாதிரி. இரண்டாவது ட்ரோலிங். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே கிராங்க்பெய்ட் என்ற போலி மீனை நூறடி பின்னால் இழுத்துப் போவது. குளிர்நீரில் மணிக்கு ஒன்று, ஒன்றரை மைல் வேகம். கோடையில் இரண்டு மைலைத் தாண்டலாம். தூண்டில் நரம்பைப் படகிலிருந்து பக்கவாட்டில் தள்ளி வைக்கப் பலகை மாதிரி ஒரு மிதவை விற்கிறார்கள், பிளேனர் போர்டு என்று பெயர். மேல்நீரில் திரியும் மீன் படகுச் சத்தத்துக்கு விலகிப் போகும் என்பதால் அது உதவும். பெரிய மீன் வேண்டுமென்றால் இரையும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

தூண்டில் கோல் ஏழு அடி, நடுத்தர பலம். நரம்பு 10 பவுண்டு தாங்கும் ப்ரெய்ட், அதாவது பின்னிய இழை. முனையில் தண்ணீரில் எளிதில் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்பு ஒரு துண்டு. இதைவிட மெலிந்த நரம்பில் பெரிய மீனை இழுத்தால் வீரம் மாதிரித் தெரியும். மீன் அதற்குள் களைத்துப்போய், தசையெல்லாம் அமிலம் ஏறி, விட்ட பிறகு செத்துப்போகலாம். சீக்கிரம் இழுத்து முடிக்கக்கூடிய நரம்பே நல்ல நரம்பு.

மீனை விடுவதற்கான ஏற்பாடு

திருப்பி விடுவது என்றால் கையைத் திறந்து மீனைத் தண்ணீரில் போடுவது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மீன் பிழைக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் தூண்டில் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தண்ணீரின் வெப்பம், மீன் இருந்த ஆழம், முள் மாட்டிய இடம், இந்த மூன்றில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் வெப்பம். மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில், பிடித்து விட்ட வால்ஐ மீன்களைக் கூண்டில் வைத்துக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்த மே மாதத்தில் இறப்பு அநேகமாக இல்லவே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டியதும் சுமார் 12 சதவீதம் செத்தன. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, மீனின் உடலுக்கோ அப்போது தேவை அதிகம். மில் லாக்ஸில் இப்படி விட்ட பின் சாகும் மீன்களையும், அந்த வருடம் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று வைத்த ஒதுக்கீட்டில் கழிக்கிறார்கள். கோடையில் நிறையப் பேர் நிறைய மீன்களைப் பிடித்து விட்டால், ஒருவர்கூட ஒரு மீனைச் சமைக்காமலேயே கணக்கு தீர்ந்துபோகலாம். அந்த ஏரியில் சில கோடைகளில் வால்ஐ பிடிப்பதையே நிறுத்தி வைத்தது இதனால்தான். ஆக, ட்ரோஃபி தேட வேண்டிய காலம் வசந்தமும் பின் இலையுதிர் காலமும். சுட்டெரிக்கும் ஜூலை மதியத்தில், வறுவலுக்கு வேண்டியது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது, ஆழம். வால்ஐயின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் கிடையாது. ட்ரௌட் மாதிரி மீன்கள் ஏப்பம் விடுவது போலக் காற்றை வாய்வழியே வெளியேற்றிவிடும், இதனால் முடியாது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்தால் அழுத்தம் குறைந்து, பையில் உள்ள காற்று விரியும். வயிறு உப்பும், கண் பிதுங்கும், சில சமயம் இரைப்பையே வாய்க்குள் தள்ளிக்கொண்டு வரும். விட்டால் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும், கடற்பறவை கொத்தும். 30 அடிக்குக் கீழே, அதாவது 9 மீட்டருக்குக் கீழே பிடிக்கும் மீனுக்கு இந்த ஆபத்து வேகமாகக் கூடுகிறது. ஏரியின் ஆழத்தை இங்கே பார்க்கக் கூடாது, மீன் இருந்த ஆழத்தைத்தான் பார்க்க வேண்டும். 80 அடித் தண்ணீரில் 20 அடியில் நீந்தும் மீனைப் பிடித்தால் பயமில்லை. தரையோடு 45 அடியில் ஒட்டியிருக்கும் மீனை, விடுவதற்கென்று சொல்லிக்கொண்டு பிடிக்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கும் வித்தை ஒன்றைச் சிலர் சொல்லித்தருவார்கள். சிறுநீரகத்தையோ ரத்தக்குழாயையோ குத்திவிட வாய்ப்பு அதிகம், சில இடங்களில் சட்டமும் விடாது. வாய்க்குள் வந்த இரைப்பையை உள்ளே தள்ளுவதும் வேண்டாம். இப்படி வந்த மீனைப் படம், அளவு எதுவும் இல்லாமல் உடனே விட்டால், சில மீன்கள் தம் சொந்தப் பலத்திலேயே கீழே இறங்கிவிடும்.

மூன்றாவது, முள் மாட்டும் இடம். உதட்டிலோ வாயோரத்திலோ மாட்டினால் கவலையே இல்லை. இரையை விழுங்கி, தொண்டையிலோ குடலிலோ மாட்டினால்தான் வம்பு. உயிருள்ள புழுவையும் அட்டையையும் மிதவைக்குக் கீழே தொங்கவிட்டு, மீன் நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருக்கும் முறையில் இது அடிக்கடி நடக்கும். இழுத்துக்கொண்டே போகும் கிராங்க்பெய்ட்டில் குறைவு. புழுதான் வேண்டும் என்றால் உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள்ளைப் போடுங்கள். அது தொண்டையில் நிற்காமல் வாயோரத்துக்கு நழுவி வந்து மாட்டும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பல்லைக் குறடால் அழுத்தி மடக்கிவிட்டால், கழற்றுவது ஒரு நொடி வேலை. மனிடோபாவில் இப்படிப் பல் இல்லாத முள் சட்டப்படியே கட்டாயம். பல்லை மடக்கினால் மீன் தப்பிவிடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. நரம்பு தொய்யாமல் இழுத்தால் அநேகமாகத் தப்பாது.

படகோரத்தில் அந்த ஒரு நிமிடம்

சரி, மீன் மாட்டிவிட்டது. தண்ணீரில் பச்சையும் பொன்னுமாக ஒரு பெரிய உடல் ஒருமுறை புரண்டு காட்டுகிறது. கை நடுங்கும், பரவாயில்லை. கைப்பிடி வலை ரப்பர் பூசிய வலையாக, முடிச்சில்லாததாக இருக்க வேண்டும். சாதாரண நைலான் வலை மீனின் மேல் இருக்கும் வழவழப்பான கோழையை உரித்துவிடும், துடுப்புகளையும் கிழிக்கும். அந்தக் கோழைதான் பூஞ்சைக்கும் கிருமிக்கும் எதிரான அதன் தோல்கவசம். வலையை மீனின் முன்னால் தண்ணீரில் தாழ்த்தி வைத்து, தலை முதலில் உள்ளே வரும்படி நடத்துங்கள். வாலுக்குப் பின்னால் வலையைத் துரத்தினால் மீன் மிரண்டு ஓடும்.

மீன் வலைக்குள் வந்ததும் தூக்காதீர்கள். வலையின் வளையத்தைப் படகின் விளிம்பில் சாய்த்துப் பிடித்து, மீனைத் தண்ணீரிலேயே இருக்கவிடுங்கள். செவுள் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். இப்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது. கேமரா தயாரா, அளவுப் பலகை நனைந்திருக்கிறதா, நீண்ட மூக்குக் குறடு எங்கே, எல்லாவற்றையும் இந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிராங்க்பெய்ட்டில் மூன்று கிளை முள் இரண்டு தொங்கும். ஒன்று மீனின் வாயில், இன்னொன்று வலையில், கவனிக்காவிட்டால் மூன்றாவதாக உங்கள் கட்டைவிரலில். குறடால் முள்ளின் தண்டைப் பிடித்து, நுழைந்த வழியிலேயே திருப்பித் தள்ளுங்கள். முள் தொண்டைக்குள் போய்விட்டதென்றால் தோண்ட வேண்டாம். நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டிவிட்டு அப்படியே விடுங்கள். நோண்டி எடுப்பதைவிட இதில் மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

தூக்குவதற்கு முன் இரண்டு கைகளையும் தண்ணீரில் முக்குங்கள். கையுறை இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு கை வால் ஆரம்பிக்கும் ஒடுங்கிய இடத்தைச் சுற்றி, மற்றக் கை முன்துடுப்புகளுக்குப் பின்னால் வயிற்றுக்கு அடியில். மீன் கிடைமட்டமாக இருக்க வேண்டும். செங்குத்தாகத் தொங்கவிட்டால் அந்த எடையில் தாடையும் உள்ளுறுப்புகளும் இழுபடும். பாஸ் மீனைப் பிடிப்பது போல வாய்க்குள் கட்டைவிரல் விட்டால் அந்தக் கோரைப்பற்கள் பாடம் சொல்லித்தரும். செவுளுக்குள் விரலை விடக் கூடாது, உள்ளே இருக்கும் சிவப்பு இழைகள்தான் அதன் நுரையீரல். கண்குழியில் விரலைக் கொடுத்துத் தூக்கும் பழைய பழக்கத்தை இன்றும் சிலரிடம் பார்க்க முடிகிறது. அப்படிப் பிடித்த மீனை விடுவதும் ஒன்றுதான், கொல்வதும் ஒன்றுதான்.

மீன் தண்ணீரை விட்டு வெளியே வரும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது அதற்கு ஏற்கெனவே முட்டியிருக்கும். ஒரு படம், இரண்டு படம், மறுபடி தண்ணீர். இன்னொரு படம் வேண்டுமானால் அது மூச்சு வாங்கிய பிறகு.

நீளத்தை மூடிய வாயிலிருந்து, வாலின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்த இடம் வரை எடுக்க வேண்டும். சுற்றளவு, முன்முதுகுத் துடுப்புக்கு நேர் கீழே மெல்லிய நாடாவால். எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால் தாடையில் கொக்கி மாட்டாமல், வலையோடு நிறுத்து, பிறகு வலையின் எடையைக் கழியுங்கள். எடையைவிட நீளம் நம்பகமானது என்பதற்கு ஈரி ஏரியே சாட்சி. 2022 செப்டம்பரில் க்ளீவ்லாந்தில் நடந்த ஒரு வால்ஐ போட்டியில் முதலிடம் வரவேண்டிய மீன்களை அறுத்துப் பார்த்தபோது, வயிற்றிலிருந்து ஈயக்குண்டுகளும் வேறு மீனின் சதைத் துண்டுகளும் வந்து விழுந்தன. அடுத்த வருடம் அந்த இருவருக்கும் 10 நாள் சிறை, ஒரு படகும் பறிபோனது. ஈயத்தை விழுங்கவைத்து நீளத்தைக் கூட்ட முடியாது.

விடும்போது மீனைத் தண்ணீரில் நிமிர்ந்த நிலையில் வாலோரம் பிடித்திருங்கள். ஆறாக இருந்தால் தலை நீரோட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பின்னோக்கி இழுத்தால் தண்ணீர் செவுளில் தலைகீழாகப் பாயும். அது தானாக வாலை உதறி உங்கள் பிடியை விட்டுப் போகும் வரை காத்திருந்தால் போதும். அலைதடுப்புச் சுவர் மாதிரி உயரமான இடத்தில் நின்று பிடிப்பவர்கள் நீளக் கைப்பிடி வலையில் இறக்கித்தான் விட வேண்டும். மேலிருந்து வீசி எறிந்தால் அது வயிறடித்து விழும். படகின் நீர்த்தொட்டியில் போட்டு வைத்து, இதைவிடப் பெரியது கிடைத்ததும் இதை விடலாம் என்பது எல்லாவற்றிலும் மோசம். விடுவதென்றால் அப்போதே விட வேண்டும்.

பனிக்கட்டி மேல்

வின்னிபெக் ஏரியின் வால்ஐக்கு முதுகில் மரகதப் பச்சை ஏறியிருக்கும். க்ரீன்பேக் என்றே பெயர். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு அவற்றைப் பிடிக்க வெகுதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தண்ணீர் குளிராக இருப்பதால் மீனுக்கு நல்லதுதானே என்று தோன்றும். தண்ணீருக்குள் இருக்கும்வரை நல்லதுதான். வெளியே மைனஸ் 25 டிகிரியில் செவுள் இழைகளும் கண்ணின் மேல்பரப்பும் சில நொடிகளில் உறைய ஆரம்பிக்கும். பனியின் மேல் கிடத்தினால் கோழை அதில் ஒட்டிக்கொள்ளும். சூடேற்றிய கூடாரத்துக்குள் படம் எடுப்பது, அல்லது துளையிலேயே மீனை வைத்து முள்ளைக் கழற்றி, தலையை மட்டும் ஒரு கணம் காட்டிவிட்டு விடுவது, இந்த இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். துளையைப் 10 அங்குல அகலத்தில் போடுங்கள். 6 அங்குலத் துளையில் பெரிய மீனை மேலே இழுக்கவும் முடியாது, காயமில்லாமல் கீழே அனுப்பவும் முடியாது.

விதிகள், அப்புறம் சுவரில் மாட்டும் மீன்

ஒண்டாரியோவில் மீன் பிடிக்க, கனடாவில் வசிப்பவர்களில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். பெரும்பாலும் விட்டுவிடுகிறவர் என்றால், குறைந்த எண்ணிக்கைக்கான கன்சர்வேஷன் லைசென்ஸ் மலிவு. முட்டையிடும் காலத்தில் பல இடங்களில் வால்ஐ பிடிக்கத் தடை இருக்கும். அளவு விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். மின்னசோட்டா பக்கத்து லேக் ஆஃப் தி வுட்ஸில் பத்தொன்பதரை அங்குலத்திலிருந்து 28 அங்குலம் வரை உள்ள எல்லா வால்ஐயையும் விட்டே ஆக வேண்டும், அதற்கு மேல் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடைப்பட்ட அளவில் இருப்பவைதான் பெரும்பாலும் முட்டையிடும் மீன்கள். இப்படி ஒரு விதி இருக்கும் இடத்தில், மீன் கையிலேயே செத்தாலும் விடத்தான் வேண்டும். வீணாகப் போகிறதே என்று எடுத்து வந்தால் அபராதம். விதி தடுக்காத இடத்தில் செவுளிலிருந்து ரத்தம் கொட்டும் மீன் பிழைப்பது அரிது, அதை எடுத்துப்போய்ச் சமைப்பதில் தப்பே இல்லை. விதிகள் வருடத்துக்கு வருடம் திருத்தப்படுவதால் அந்த வருடத்து வெளியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஞாபகத்துக்குச் சுவரில் மாட்ட வேண்டுமே என்பவர்களுக்கும் மீன் சாக வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலானவர்கள் கண்ணாடியிழைப் பிரதிதான் செய்து வாங்குகிறார்கள். நீளம், சுற்றளவு, இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும் படங்கள், இவ்வளவும் கொடுத்தால் போதும். நிறம் ஏரிக்கு ஏரி மாறுவதால் படம் நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும். உண்மையான தோலைப் பதப்படுத்திச் செய்வதைவிட இது நீண்ட காலம் உழைக்கும். எண்ணெய் கசியாது, துடுப்பும் உதிராது. மனிடோபாவில் மாஸ்டர் ஆங்லர் பதிவுக்கும் செத்த மீனை யாரும் கேட்பதில்லை, நீளமும் படமும்தான் கேட்கிறார்கள்.